பாதீடும் பஞ்சமும்

புறத்திணையியல் வகுப்பு. வெட்சித் துறைகளுள் ஒன்றான பாதீட்டை, அதாவது கவர்ந்து வந்த ஆநிரையை மறவர் தமக்குள் பகிர்ந்துகொள்வதை, விளக்கிக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலைக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவர் எழுந்தார். "ஐயா, கொண்டு வந்தவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மாட்டைப் பறிகொடுத்தவனுக்கு யார் கணக்குத் தீர்த்தார்கள்?" ஆநிரை மீட்டு மாண்டோருக்கு மலையடிவாரச் செங்கம் பகுதியில் நடுகற்கள் உண்டே என்றேன். "அது செத்தவனுக்கு ஐயா. மாடு போனவனுக்கு?" என்றார்.

விடை என்னிடம் இல்லை. ஆனால் அக்கேள்வி நம் காலத்துப் பாதீடு ஒன்றை நினைவுறுத்தியது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியம், துணி, சணல், படைத்தளவாடம் எனப் பெற்றவற்றுக்கு உடனடியாகப் பொருளோ பொன்னோ தரவில்லை. 1939இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் பங்குச் செலவு லண்டனில் கடன் பத்திரங்களாக வரவு வைக்கப்பட்டது. அப்பத்திரங்களை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை அச்சிட்டது. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. ஏறிய விலையில் அரசால் அரிசி வாங்க முடிந்தது, கூலியாளால் முடியவில்லை. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் உட்ஹெட் ஆணையக் கணக்கின்படியே 15 லட்சம் பேர். பின்வந்த ஆய்வாளர் சிலர் 30 லட்சம் என்பர்.

போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 130 கோடி பவுண்டு. இதுவே ஸ்டெர்லிங் நிலுவை. இந்தியாவைக் காத்ததற்கு நாமும் எதிர்க்கணக்கு எழுதுவோம் என்று வாதிட்டவர் சர்ச்சில். கடன் நேர்மையாகத் தீர்க்கப்படும் என்று 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உறுதி கூறியவர் கெயின்ஸ். 1947 ஆகஸ்டில் இடைக்கால ஒப்பந்தம் ஏற்பட்டது. 1948இல் லண்டன் சென்று வழக்காடியவர் நம் கோவைக்காரர், விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்ட அதே செட்டியார்தாம்.

எதிர்க்கணக்கு நேராக வரவில்லை. வேறு வடிவில் வந்தது. பிரிட்டன் விட்டுச்சென்ற படைத்தளவாடங்களுக்காக 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. இங்கே பணியாற்றிய ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக ஏறத்தாழ 16.8 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. எஞ்சியது தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, எஞ்சிய கடனின் டாலர் மதிப்பு முப்பது விழுக்காடு கரைந்தது.

செட்டியார் விட்டுக்கொடுத்தார் என்று குறை கூறுவோர் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. போரில் நொடித்துப்போன கடனாளியிடம் ஒரே மூச்சில் வசூலிக்க எவராலும் இயலாது. வந்த பணம் ஐந்தாண்டுத் திட்டங்களின் இறக்குமதிக்குப் பயன்பட்டது என்பதும் மெய்யே.

என் வருத்தம் வேறு. இக்கடனை உண்மையில் கொடுத்தவர் யார்? தில்லி அரசு அன்று. விலையேற்றத்தால் அரை வயிறு உண்டவரும், உண்ணாமலே மாண்டவரும்தாம். அவர்கள் உண்ணாது விட்ட சோறே லண்டன் ஏட்டில் பவுண்டாக நின்றது. அக்கடன் தீர்ந்தபோது ஆண்டவர்களின் ஓய்வூதியத்துக்கு அதில் பங்கு இருந்தது. பட்டினியால் அழிந்த குடும்பங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. இரு அரசுகளும் தமக்குள் பகிர்ந்துகொண்டன. பாதீடு என்றால் அதுதானே!

இன்று இழப்பீடு கேட்பது என் நோக்கமன்று. கேட்டாலும் பெறுவதற்கு அவர்கள் இல்லை. நான் வேண்டுவது ஒன்றே. ஸ்டெர்லிங் நிலுவை பற்றிப் பேசும் நம் பொருளியல் பாடங்கள், அதே பக்கத்தில் வங்கப் பஞ்சத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒன்றை நிதி வரலாறு என்றும் மற்றொன்றை இயற்கையின் சீற்றம் என்றும் பிரித்து வைப்பது பொய்க்கணக்கு.

அடுத்த வகுப்பில் அம்மாணவருக்கு இதைத்தான் சொல்லவிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இது விடையாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.