ஓவர் ஆக்டிங் என்கிற சோம்பேறித் தீர்ப்பு

அடையாறில் சிவாஜி மணிமண்டபத்தைத் தாண்டும்போது ஆட்டோவில் கூட வந்த நண்பன் சிரித்தான். "ஓவர் ஆக்டிங்குக்கு ஒரு மண்டபம்டா." பத்து வருஷம் முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவனோடு சண்டை போட எனக்குத் தகுதி உண்டு.

நம் தலைமுறைக்கு சிவாஜி கணேசன் என்றால் முப்பது விநாடி கிளிப். மூன்று மணி நேரப் படத்தின் உச்சத்தை மட்டும் வெட்டி, உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்துவிட்டு, "ஏன் இப்படிக் கத்துறார்?" என்கிறோம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) எங்கிருந்து வந்தது? சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜியின் நாடக மன்றம் மேடையேற்றிய நாடகத்திலிருந்து. மேடையில் கடைசி வரிசைக்குக் குரலும் போக வேண்டும், முகமும் போக வேண்டும். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர், கூத்தும் நாடகமும் பார்த்துப் பழகிய ஜனங்களுக்காகத் தேர்ந்தெடுத்த அளவு அது. கதகளியைப் பார்த்து 'ஓவர்' என்று யாரும் சொல்வதில்லை. நம்ம ஊர்ச் சரக்கு என்றால் மட்டும் இளக்காரம்.

அவருக்கு வேறு மாதிரி நடிக்கத் தெரியாது என்பீர்களா? அப்படியானால் அதற்கு ஐந்து வருஷம் முன்பே வந்த 'அந்த நாள்' பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ இன்ஜினியர் ராஜன். சிவாஜிக்கு அப்போது வயது 25. பெரும்பாலும் அடங்கிய குரல்தான். தன் திறமையை யாரும் மதிக்கவில்லை என்று உள்ளுக்குள் கசந்துபோன இன்ஜினியரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆபீஸில் தினம் பார்க்கிறேன். அவன் அப்படியே அங்கே இருக்கிறான்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் கேட்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. பார்க்கும் கழுத்து நரம்பும் கன்னமும் மூச்சும் சிவாஜியுடையவை. 'முதல் மரியாதை' (1985), 'தேவர் மகன்' (1992) வரும்போது அந்த முகம் ஏறக்குறைய ஒன்றுமே செய்யாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

எழுபதுகளில் தன்னையே நகலெடுத்த படங்களும் உண்டு. மறைக்கவில்லை. ஒரு நடிகரை அவரது சுமாரான படங்களை வைத்துத்தான் எடைபோடுவோம் என்றால், உலகத்தில் யாரும் தேறமாட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் நின்ற அவர் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் சொன்னதால் 2017இல் அடையாறுக்கு வந்தது. நம் ரசனையிலிருந்து அவரை அகற்றச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை. படத்தைப் பார்க்காமலே நாமாகச் செய்துகொண்டிருக்கும் வேலை அது.

நண்பனிடம் 'அந்த நாள்' பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முழுசாகப் பார்த்துவிட்டு வந்து அவன் திட்டட்டும். கேட்டுக்கொள்கிறேன்.