மாடலர் பெட்டியும் கித்தார் மாணாக்கரும்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலனாகும். புதிய கருவியொன்று தோன்றுங்காலெல்லாம், பழகியோர் அதனைப் போலியென்று இகழ்தலும், இளையோர் அதுவே முழுமையென்று புகழ்தலும் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவன. மின்கித்தார் வாசிப்போரிடையே இன்று அத்தகைய வழக்குக்குப் பொருளாயிருப்பது, காலால் மிதித்து இயக்கத்தக்க ஒரு சிறு பெட்டி. 'மாடலர் பெடல்' என்பது அதன் பெயர். பல ஆம்ப்ளிஃபயர்களின் குரலை ஒருங்கே தன்னுள் அடக்கி, வேண்டுங்கால் வேண்டியதை வெளியிடுவது அதன் தொழில். நம் மாணாக்கருள்ளும் கித்தார் பயில்வோர் உளராதலின், இப்பெட்டியின் இயல்பையும் அதனைக் கையாளும் நெறியையுங் குறித்து எமது கருத்தை இப்பக்கங்களில் வெளியிடுதல் பொருந்துமென எண்ணுகின்றோம்.

மின்கித்தாரின் இயல்பை முதற்கண் உணர்தல் வேண்டும். மரக்கித்தாரில் ஒலியைப் பெருக்குவது அதன் வயிற்றுப்பெட்டி. மின்கித்தாருக்கோ பெரும்பாலும் அப்பெட்டி இல்லை. கம்பியின் அதிர்வு, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிக மெல்லிய மின்னலையாக மாறி, வயர் வழியே ஆம்ப்ளிஃபயரை அடைந்து, அங்கே பெருகி, ஸ்பீக்கரின் தாட்கூம்பை அசைத்து ஒலியாகின்றது. ஆகவே கித்தார் கருவியின் ஒரு பாதி, ஆம்ப்ளிஃபயர் மறுபாதி என்று கூறின் மிகையாகாது. வீணையின் குடத்தை வீணையினின்றும் பிரித்தெண்ணுவார் ஒருவருமில்லை. அதுபோலவே இதனையுங் கொள்ளுக.

1930-களில் அமெரிக்க நாட்டில் மின்கித்தார் தோன்றியபோது அதன் நோக்கம் மிக எளியது. நடன அரங்குகளில் ஊதுகருவிகளின் முழக்கத்திடையே கித்தாரின் குரல் எடுபடவில்லை. அதனைக் கேட்கச் செய்தலே வேண்டப்பட்டது. ஆம்ப்ளிஃபயர் செய்தோர் வந்த ஒலியைச் சிதையாது பெருக்கவே விரும்பினர். அளவு மீறி முடுக்கினால் வால்வுகள் தாங்காது கரகரத்தலைக் குற்றமென்றே கருதினர். ஆயின் அக்குற்றமே பின்னர் அழகாயிற்று. 1951-இல் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாட்டுப் பதிவான ஞான்று, வழியிற் பழுதுற்றதாகக் கூறப்படும் ஓர் ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு இசைத்தட்டில் அப்படியே இடம்பெற்றது. 1961-இல் மார்ட்டி ராபின்ஸ் பாடி வெளிவந்த 'டோன்ட் வொரி' என்னும் பாட்டில், நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக்கூடத்துப் பலகையின் பழுதாற் பிறந்த முரட்டொலி நீக்கப்படாது விடப்பட்டது. 1964-இல் இங்கிலாந்தின் 'கிங்க்ஸ்' குழுவைச் சார்ந்த டேவ் டேவிஸ் என்பார், தம் சிறு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்த் தாளைச் சவர அலகாற் கிழித்தே தமக்கு வேண்டிய ஒலியைப் பெற்றார்.

இக்கரகரப்பு இனித்தற்குக் காரணம் யாது? வால்வானது தன் எல்லையை எட்டுங்கால், அலையின் முகட்டை வாளால் வெட்டினாற்போலத் திடீரென வெட்டாது, சிறிது சிறிதாக வளைத்து மழுக்குகின்றது. அதனால் மூல சுரத்தோடு அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களும் கலந்து ஒலி தடிக்கின்றது. மெல்ல மீட்டினால் தெளிவும், அழுந்த மீட்டினால் முரட்டுத்தன்மையும் பிறக்கின்றன. வாசிப்பவன் விரலுக்கு ஆம்ப்ளிஃபயர் இவ்வாறு விடையிறுத்தலையே கலைஞர் பெரிதும் விரும்புகின்றனர்.

இனி, போலியென்னுங் குற்றச்சாட்டை ஆராய்வாம். 1962-இல் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல் என்பாரும் அவர்தந் துணைவரும் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை ஆக்கினர். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தாரது 'பாஸ்மன்' என்னும் ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றையே அவர் பின்பற்றினர். அந்த பாஸ்மனோ, பெயருக்கேற்பத் தாழ்சுரக் கித்தாருக்கென்று செய்யப்பட்டது. இங்கிலாந்திற் கிடைத்த உறுப்புக்களை இட்டமையால் அதன் படியின் குரல் வேறுபட்டது. அக்குரலே பின்னர் உலகெங்கும் புகழ்பெற்றது. இன்று மாடலர் பெட்டிகள் பின்பற்றும் மார்ஷல் என்னும் மூலந்தானும் ஒருகாலத்திற் பிறிதொன்றின் படியே என்பது இதனால் விளங்கும். ஆகவே, ஒன்றைப் பார்த்து ஒன்றைச் செய்தமை பற்றி இப்பெட்டியைப் பழித்தல் நியாயமாகாது.

இப்பெட்டியின் தேவையையும் கருதுக. 'வாக்ஸ் ஏசி-30' என்னும் புகழ்வாய்ந்த ஆம்ப்ளிஃபயர் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. விலையோ மாணாக்கர் கைக்கு எட்டாதது. இவற்றினும் பெரிய தடை அதன் பேரொலியாகும். வால்வு தன் எல்லையை எட்டினாலன்றி அவ்வினிய குரல் பிறவாது. எட்டினாலோ அயலார் உறங்கவியலாது. நூறு வாட் ஆற்றலைப் பத்து வாட்டாகக் குறைத்தாலும், செவிக்கு ஒலி ஏறக்குறையப் பாதியளவே குறைந்ததாகத் தோன்றுமாதலின், சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரும் வீட்டுக்குப் பெரிதே. விடுதியறையில் நால்வரோடு வாழும் மாணவனும், ஒண்டுக்குடித்தன வீட்டில் வாழ்வோனும் இரவிற் பயில்வது எங்ஙனம்? பொருளும் தனியிடமும் உடையார்க்கே உரியதாயிருந்த ஒரு குரலை, அவை இல்லார்க்கும் செவிபேசி வழியே அளித்தமையே இப்பெட்டியின் தலையாய நன்மையென்போம்.

இது ஒருநாளில் உருப்பெற்றதன்று. 1989-இல் 'டெக் 21' நிறுவனத்தாரின் 'சான்ஸ்ஆம்ப்' என்னும் பெடல், கணிப்பொறியின் துணையின்றியே வால்வின் குரலைப் பின்பற்ற முயன்றது. 1998-இல் 'லைன் 6' நிறுவனத்தார், அவரைவிதை போன்ற வடிவமுடைய 'பாட்' என்னும் செந்நிறப் பெட்டியை வெளியிட்டனர். 2011-இல் ஜெர்மனியின் கெம்ப்பர் கருவி அறிமுகமாயிற்று. 2018-இல் 'எச்எக்ஸ் ஸ்டாம்ப்' என்பதும், 2019-இல் 'ஐரிடியம்' என்பதும் பெடல் அளவிலேயே வந்தன. 2024-இல் வந்த 'டோனெக்ஸ் ஒன்' உள்ளங்கையில் அடங்குவது.

இவை தொழிற்படும் முறையைச் சுருங்கக் கூறுவாம். கித்தாரின் மின்னலையைப் பெட்டியானது பெரும்பாலும் விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகின்றது. அவ்வெண்களை ஆம்ப்ளிஃபயர் போல் மாற்றியமைக்க இருவழிகள் உள. ஒன்று, வால்வு, மின்தடை, டிரான்ஸ்ஃபார்மர் முதலிய உறுப்புக்கள் ஒவ்வொன்றின் நடத்தையையும் கணக்காக எழுதி, அக்கணக்கை இடையறாது செய்வித்தல். மற்றொன்று, உண்மை ஆம்ப்ளிஃபயரினுட் பலவகை ஒலிகளைச் செலுத்தி, புகுந்ததையும் வெளிவந்ததையும் ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டைக் கணிப்பொறி தானே கற்றுக்கொள்ளச் செய்தல். முன்னையது குமிழ்களைத் திருகுந்தோறும் மூலத்தைப் போலவே மாறவல்லது. பின்னையது, குமிழ்கள் ஒரு நிலையில் நின்றபோது எடுத்த நிழற்படம் போன்றது. ஸ்பீக்கருக்கும் இவ்வாறே, ஒரு கண்ணிமைப் பொழுதுத் தட்டொலிக்கு அது விடுக்கும் மறுமொழியை மைக்கில் பதிந்து வைத்துப் பயன்படுத்துகின்றனர். இவற்றால் நேருந் தாமதம் சில மில்லிவிநாடியே. ஒலி மூன்று மில்லிவிநாடியில் ஒரு மீட்டர் தொலைவே செல்லுமாதலின், ஸ்பீக்கரினின்று இரண்டோரடி விலகி நின்று வாசித்தலோடு இத்தாமதத்தை ஒப்பிடலாம்.

குறைகளை மறைத்தல் எமது கருத்தன்று. பேரொலியுடன் இயங்கும் ஸ்பீக்கரின் முன்னர் நிற்குங்கால், அவ்வொலியே மீண்டு வந்து கம்பியை அதிர்வித்து, சுரம் அறாது நீளச் செய்கின்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் இதனையே ஒரு கலையாக வளர்த்தனர். செவிபேசியில் இது நிகழாது. மேலும், அறுபதாண்டுக்கு முற்பட்ட ஆம்ப்ளிஃபயரை இன்றும் பற்றவைப்புக் கோல் ஒன்று கொண்டு செப்பனிடுவார் உளர். டிஜிட்டல் பெட்டியோ, அதனை ஆக்கியோரது மென்பொருளின் ஆயுளையுஞ் சார்ந்து நிற்பது.

ஆயினும் இவற்றினும் பெரியதோர் இடர் உண்டு. அது பெட்டியின் வறுமையால் வருவதன்று. அதன் செல்வத்தால் வருவது. முற்காலத்துக் கலைஞன்பால் ஓர் ஆம்ப்ளிஃபயரே இருந்தது. அது தராத ஒலியை அவன் தன் கையால் தேடினான். மீட்டும் இடத்தைப் பாலத்தின் அருகும் கழுத்தின் அருகுமாக மாற்றினான். கித்தாரின் ஒலிக்குமிழைச் சிறிது தாழ்த்திக் கரகரப்பைத் தெளிவித்தான். அக்குறைவே அவனுக்கு ஆசிரியனாயிற்று. இன்று நூறு ஆம்ப்ளிஃபயரும் நூறு ஸ்பீக்கரும் ஒரு பெட்டியிற் கிடைக்கின்றன. விளைவு யாது? மாணவன் மாலைப்பொழுதெல்லாம் திரையைப் பார்த்துப் பட்டியலைத் தள்ளிக்கொண்டிருக்கின்றான். ஒவ்வொன்றிலும் தான் அறிந்த அதே நான்கு சுரங்களை வாசித்துப் பார்த்து, அடுத்ததற்குத் தாவுகின்றான். சுரம் வளரவில்லை, தாளம் வளரவில்லை, ஒலி மட்டும் மாறிக்கொண்டேயிருக்கின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இவனுக்கோ கூடத்தை நாடோறும் மாற்றிக்கொள்ளும் வசதியுங் கிடைத்துவிட்டது.

முன்னர்க் கருவி விதித்த எல்லையை இனி வாசிப்பவனே தனக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும் என்பதே எமது துணிபு. மேற்கூறிய 'ஐரிடியம்' பெட்டியைச் செய்தோர் அதில் மூன்று ஆம்ப்ளிஃபயர்களையே அமைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. பெட்டியில் நூறு இருப்பினும் ஒன்றைத் தேர்க. அதற்கொரு ஸ்பீக்கரைத் தேர்க. ஆறு திங்கள் அதனை மாற்றாதிருக்க. தெளிந்த ஒலிக்கும் முரட்டொலிக்கும் தனித்தனி நினைவிடங்களைத் தேடாது, கித்தாரின் குமிழாலும் விரலின் அழுத்தத்தாலும் அவ்வேறுபாட்டைக் காட்டப் பழகுக. இங்ஙனம் பழகியவனுக்கே, பின்னர் வேறோர் ஆம்ப்ளிஃபயரைத் தேருங்கால், இரண்டிற்குமுள்ள வேறுபாடு செவியிற் புலனாகும்.

அறையிற் பயின்றதை அரங்கிற்குக் கொண்டுசெல்வோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஃப்ளெச்சர், மன்சன் என்னும் இருவர் செவியின் இயல்பைக் குறித்த ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். ஒலி மெலிந்திருக்கும்போது தாழ்சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் செவிக்குக் குன்றித் தோன்றும். ஒலி பெருகும்போது அக்குறை நீங்கும் என்பது அவர் காட்டிய உண்மை. விடுதியறையில் மெல்லிய ஒலியில் இனிதாக அமைத்த அமைப்பு, அரங்கில் அடிக்குரல் மிகுந்து குழம்பியும் மேற்குரல் மிகுந்து செவியைக் குத்தியும் ஒலிப்பதன் காரணம் இதுவே. கரகரப்பும் அவ்வாறே. தனிமையில் அதனை மிகுதியாக வைத்தல் இனிக்கும். டிரம்மும் பாஸும் சேர்ந்தவிடத்து அது சுரத்தின் முனையை மழுக்கி, கித்தாரைக் கேளாதபடி செய்யும். ஆதலின் நிகழ்ச்சிக்கு முன்னர் ஒருமுறையேனும் அரங்கின் ஒலியளவில் வாசித்து அமைப்பைத் திருத்துதல் இன்றியமையாதது.

இணைக்கும் முறையிலுங் கருத்து வேண்டும். அரங்கின் ஒலிக்கலப்புப் பலகைக்கு நேரே இணைக்குங்கால், பெட்டியிலுள்ள ஸ்பீக்கர்ப் போலியை இயக்கியே இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒலி தேனீக்கூட்டின் இரைச்சல்போலத் தோன்றும். கித்தார் ஆம்ப்ளிஃபயரோடு இணைக்குங்காலோ அதனை நிறுத்துதல் பெரும்பாலும் நன்று. இல்லையேல் ஸ்பீக்கரின்மேல் ஸ்பீக்கர் ஏறி ஒலி மங்கும். மின்சாரமும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. பழைய எளிய பெடல்கள் சில மில்லியாம்பியரில் இயங்குவன. டிஜிட்டல் பெட்டிகளோ பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் வேண்டுவன. ஒன்பது வோல்ட் என்னும் எண் ஒத்தது கொண்டு கிடைத்த அடாப்டரைச் செருகாது, மின்முனைகளின் திசையையும் மில்லியாம்பியர் அளவையும் பெட்டியிற் குறித்துள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தே செருகுக.

ஈண்டுக் கல்லூரிகளின் இசைக்கழகத்தார்க்கும் பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம் உடையேம். சொந்தமாகக் கருவி வாங்க இயலாத மாணாக்கர் பலர் ஆர்வமும் செவியும் உடையராயிருக்கின்றனர். நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஒரு குழுவுக்கே பயன்படும். இத்தகைய பெட்டியொன்றும் செவிபேசியொன்றும் கழகத்தில் இருப்பின், முறைவைத்துப் பலர் பயிலலாம். பக்கத்து வகுப்பறைக்கும் இடையூறில்லை. நன்கொடையளிக்கும் அன்பர்கள், மேடைக்கு அணியான பெருங்கருவிகளோடு இச்சிறு பொருளையும் நினைவிற் கொள்வாராக.

மாணாக்கர்காள்! வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். உங்கள் கையிலுள்ளது புல்லன்று. ஒருகாலத்துப் பெருங்கலைஞர்க்கும் ஒருங்கே கிட்டாத கருவிச்சாலை. அதன் வாயில்களையெல்லாம் ஒரே நாளில் திறந்து பார்க்க அவாவாதீர். ஓர் அறையினுட் புகுந்து, அதன் மூலைமுடுக்கெல்லாம் அறியுமளவும் அங்கேயே தங்குமின். கேட்போர் பெட்டியின் பெயரை வினவுதலினும், வாசித்தவர் யாவரென்று வினவுதலே உங்கட்குப் பெருமை தருவது. அப்பெருமையை எய்துதற்கு நாடோறும் சிறிது பொழுதேனும் திரையைப் பாராது கம்பியைப் பார்த்துப் பயில்வீராக.