ஓடவில்லை என்றால் அழிந்துபோச்சு என்று அர்த்தமில்லை

கொஞ்சம் நீளமான பதிவுதான். பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம் என்று பொறுப்பில் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அண்மையில் எங்கள் பகுதியில் ஓர் அமைப்பின் பழைய கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தார்கள். புத்தளத்தில் இருந்த காலத்தில் சேர்த்த குடும்பப் பட்டியல் அதற்குள் இருந்தது. எந்தக் குடும்பம் சோனகதெருவில் எந்த ஒழுங்கையில் இருந்தது, யார் எங்கே வபாத்தானார் என்ற விபரமெல்லாம் அதில்தான். அந்தப் பழைய மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால், யாரோ ஒரு தம்பி வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டராக அதை ஓடவிட்டிருந்தார். பிறகு வேர்ச்சுவல்பொக்ஸைப் புதுப்பித்தார்கள். அதோடு அது நின்றுவிட்டது. "டேட்டா போச்சு, புதுசு வாங்குங்கோ" என்று திருத்துகிற இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். டேட்டா எங்கேயும் போகவில்லை.

வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1இலிருந்து, புரொசெசரில் வேர்ச்சுவலைசேஷன் வசதி இயங்கினால்தான் அது ஓடும். விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியு-வைப் பாருங்கள். 'வேர்ச்சுவலைசேஷன்: டிசேபிள்ட்' என்று இருந்தால் வசதி இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பயோஸுக்குள் போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்பதை இயக்கினால் சரி.

அந்த வசதியே இல்லாத பழைய மெஷின் என்றாலும் பயமில்லை. உள்ளே இருந்த கொம்பியூட்டரின் முழு ஹார்ட் டிஸ்கும் வெளியே ஒரேயொரு ஃபைல்தான். விடிஐ, விஎம்டிகே ஃபைல்களை 7-சிப் திறக்கும். விஎச்டி என்றால் இரண்டு தரம் கிளிக் பண்ணினாலே விண்டோஸ் தனி டிரைவாகக் காட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முதலில் முழு ஃபோல்டரையும் வேறு டிஸ்கில் கொப்பி எடுங்கள், கொப்பியில் மட்டும் கை வையுங்கள். ஸ்னப்ஷொட் எடுத்திருந்தால் பிந்திய பதிவுகள் வேறு ஃபைல்களில் இருக்கும். பெரிய ஃபைலை மட்டும் எடுத்தால் பழைய பட்டியல்தான் கிடைக்கும். எழுத்து விளங்காமல் வந்தால் அழிக்க வேண்டாம், பாமினி எழுத்துருவாக இருக்கும். யுனிகோடுக்கு மாற்றலாம்.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது, உறுதியும் பிறப்புப் பத்திரமும் எடுக்க முடியாமல் வந்த சமூகம் நாங்கள். மீள்குடியேறியபோது ஒரு கடதாசிக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1981இல் நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. இழப்பென்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, எங்கள் கையாலேயே ஒரு பட்டியலை இரும்புக்குப் போடுவது என்ன நியாயம்?

ஊர்ப் பதிவு அமானிதம். அதை ஒரு தம்பியின் தலையில் மட்டும் கட்டிவிடக்கூடாது. மூன்று கொப்பி, மூன்று இடத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டு பொறுப்பாளருக்குத் தெரியட்டும். நிக்காஹ் விபரம் உள்ள டிஸ்கை முன்பின் தெரியாதவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏ/எல்லில் ஐசிடி படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு பின்னேர வேலை. பழைய மெஷின் எதையும் எறிய முதல் ஒரு சொல் சொல்லுங்கள், பிள்ளைகளோடு நாங்கள் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.