72 மணி நேரமும் 22 வாரமும்

கொஞ்சம் நீளமான த்ரெட். சிலருக்குக் கோபம் வரும், பரவால்ல.

நைட் டூட்டி. 16 வயசுப் பொண்ணு, வயித்து வலி. கேஸ் ட்ரபிள்னு ரெண்டு வாரமா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்காங்க அம்மா. வயித்துல கை வெச்சதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஸ்கேன்ல 22 வாரம். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அம்மாவை வெளிய உக்கார வெச்சிட்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தனியா பேசினாங்க. அப்பவே, மறுநாள் காலையிலயே, தோழியை மெடிக்கலுக்கு அனுப்பியிருக்கா. "கருக்கலைப்பு மாத்திரை எல்லாம் இங்க விக்கிறதில்ல, யாருக்கும்மா இது?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டிருக்கார் கடைக்காரர். தோழி ஓடி வந்துட்டா.

அவ கேட்டது கருக்கலைப்பு மாத்திரையே இல்ல. அவசர கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே ஒரு மாத்திரை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளிவர்றதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே உண்டான கருவை அது கலைக்காது. 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா இன்னொண்ணு போடணும். கருவைக் கலைக்கிற மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் வேற கதை, அதை டாக்டர் இல்லாம தொடவே கூடாது.

இந்தியாவுல அவசர மாத்திரை வாங்க டாக்டர் சீட்டு தேவையில்ல. ஆனா தமிழ்நாட்டுல கடை கடையா ஏறி இறங்கணும். ஏன்னு கேட்டா "கலாச்சாரம் சார்".

"ஈஸியா கிடைச்சா பசங்க கெட்டுப் போயிடுவாங்க"ன்னு சொல்றவங்களே, அந்த மாத்திரையைத் தேடுறதே எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகுதான். நீங்க இல்லைன்னு சொன்னதால எது நின்னுச்சு? 16 வயசு உடம்புக்குப் பிரசவம்னா ஜன்னி, கிருமித் தொற்று ஆபத்தெல்லாம் 20 வயசுக்காரங்களைவிட அதிகம். அதுக்கு நீங்களா வந்து நிப்பீங்க?

அந்தப் பையனுக்கு 17. ஆணுறை வாங்க வெட்கம். அது பால்வினை நோயையும் தடுக்கும்னு யாரும் சொல்லல. ஸ்கூல்ல இனப்பெருக்கப் பாடம் வந்தப்ப "நீங்களே படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிட்டாங்களாம். எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு. போக்சோ சட்டப்படி 18 வயசுக்குக் கீழ சம்மதம் செல்லாது, நாம போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். அந்த பயத்துலதான் ஆஸ்பத்திரிப் பக்கமே வராம போலி டாக்டர்கிட்ட போறாங்க. ஆனா 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: கருக்கலைப்புக்கு வர்ற மைனர் பொண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கிட்டா, அந்தத் தகவல்ல பேர், அடையாளம் எதையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்ல. இதை எத்தனை கேஷுவாலிட்டியில, எத்தனை டாக்டர், அந்தக் குடும்பத்துக்கிட்ட எடுத்துச் சொல்றோம்? நானே ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் சொன்னதில்ல.

2021 திருத்தத்துக்கு அப்புறம் மைனருக்கு 24 வாரம் வரைக்கும் அனுமதி இருக்கு. 20 வாரம் தாண்டினா ரெண்டு டாக்டர் கையெழுத்து. எங்ககிட்ட மிச்சம் இருந்தது ரெண்டே வாரம்.

"உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"ன்னு கமெண்ட்டுக்கு வரப்போறவங்களுக்கு: எனக்கும் பொண்ணு இருக்கா, நாலு வயசு. பதினாறுல அவளுக்கு இப்படி ஒண்ணுன்னா மறுநாள் காலையிலயே என்கிட்ட வந்து சொல்லணும். நான் திட்டுவேன். திட்டிக்கிட்டே மாத்திரை வாங்கப் போவேன்.