ரத்தத்துலயே இருக்காம்!

கொலைச் செய்தி ஒண்ணு வந்தா போதும், டீக்கடை பெஞ்சுல உடனே தீர்ப்பு: "அது அவன் ரத்தத்துலயே இருக்குய்யா." கொஞ்சம் படிச்சவங்க இதையே "ஜீன்ல இருக்கு"ன்னு சொல்றாங்க. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

ஜீனுக்கும் வன்முறைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 1993-ல ப்ரன்னர் குழு நெதர்லாந்துல ஒரு குடும்பத்தை ஆராய்ஞ்சது. அந்த வீட்டு ஆண்கள் சிலருக்குத் திடீர் திடீர்னு மூர்க்கம் வரும். தீ வைப்பு வரைக்கும் போயிருக்காங்க. எம்.ஏ.ஓ.ஏ.ங்கற ஜீன் அவங்களுக்கு வேலையே செய்யலை. செரோடோனின் மாதிரி மூளை ரசாயனங்களை உடைக்கிற என்சைமைத் தயாரிக்கிற ஜீன் அது. இவ்வளவு மோசமான பழுது ரொம்ப அபூர்வம். ஆனா இதே ஜீன் கொஞ்சம் மந்தமா வேலை செய்யற வகை ஊருலகத்துல சர்வ சாதாரணம். பத்திரிகைக்காரங்க விடுவாங்களா? அதுக்கு 'போர்வீரன் ஜீன்'னு பேர் வச்சுட்டாங்க!

2002-ல காஸ்பியும் மாஃபிட்டும் வெளியிட்ட ஆய்வுதான் விஷயமே. நியூசிலாந்தின் டுனெடின்ல பிறந்ததிலிருந்தே கவனிக்கப்பட்டு வந்த ஆண்கள். மந்தமான ஜீனும் இருந்து, சின்ன வயசுல கொடுமையும் அனுபவிச்சவங்க வெறும் 12 சதவீதம். ஆனா வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 சதவீதம் அவங்க கணக்குல! சரி, அதே ஜீன் இருந்தும் கொடுமைக்கு ஆளாகாதவங்க? அவங்க மத்தவங்களை விட மோசமா ஒண்ணும் போயிடலை. (பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாமே இதை அப்படியே உறுதிப்படுத்தலைங்கறதையும் சொல்லிடணும்.)

இந்தப் பாதியை விட்டுட்டு ஜீனை மட்டும் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போறாங்களே, அதுதான் எனக்கு உதைக்குது. 2009-ல இத்தாலியில ஒரு கொலை வழக்கு மேல்முறையீட்டுல, இந்த ஜீனையும் காரணமாக் காட்டி ஒரு வருஷம் தண்டனையைக் குறைச்சாங்க. பரிதாபம்னு தோணலாம். ஆனா அதே ரிப்போர்ட்டை வச்சு, "இவன் திருந்தவே மாட்டான், வெளியே விடாதே"ன்னு இன்னொரு நீதிபதி சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நமக்கு இது கற்பனை இல்லைங்க. குற்றம் பரம்பரையா வருதுங்கற நம்பிக்கையில வெள்ளைக்காரன் 1871-ல குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. எந்தத் தப்பும் செய்யாத பிரமலைக் கள்ளர்களும் கைரேகை வைக்கணும், ராத்திரியானா போலீஸ் கண் பார்வையில இருக்கணும். எதிர்த்து நின்ன பெருங்காமநல்லூர்ல 1920-ல துப்பாக்கிச் சூடு. சென்னை மாகாணத்துல சட்டம் ஒழிய 1947 ஆச்சு.

அதனால ஜீன் ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில இருக்கட்டும், தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ இப்போதைக்கு வேண்டாம்ங்கறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?