உறுப்பினர் பட்டியல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

உங்கள் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலுக்கான நிர்வாகக் கடவுச்சொல் இன்று யாரிடம் இருக்கிறது? தலைவரிடமா, செயலாளரிடமா? அல்லது "கணினி தெரிந்த தம்பி" என்று பல ஆண்டுகளுக்கு முன் நாம் பிடித்து உட்கார வைத்து, பிறகு வேலை மாறிப் போய்விட்ட இளைஞரிடமா? நான் பார்த்த சங்கங்களில் பலவற்றுக்கு மூன்றாவதுதான் பதில்.

வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து கேட்கிறோம். ரசீதுப் புத்தகத்தை எண் பார்த்து ஒப்படைக்கிறோம். ஆனால் நூற்றுக்கணக்கானோரின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியலை ஒருவருடைய ஞாபக சக்தியை நம்பி விட்டு வைத்திருக்கிறோம். அவர் கோபித்துக்கொண்டு போனால் அல்லது அணி மாறினால் என்ன செய்வது என்று எந்தச் செயலவையும் கேட்பதில்லை.

யாஹூ குரூப்சை நினைத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுகளில் நம் சங்கங்கள் பல அதில்தான் குடியிருந்தன. 2019 டிசம்பரில் அதன் பக்கங்களிலிருந்த பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15ஆம் நாள் அந்தச் சேவையே நின்றுபோனது. பட்டியலைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்தவர்கள் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தேட வேண்டியதாயிற்று.

சொந்தமாக நடத்த விரும்புவோருக்கு மெயில்மேன் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதன் பழைய 2.1 பதிப்பில் முகவரிதான் உறுப்பினர். ஒருவர் மூன்று பட்டியல்களில் இருந்தால் மூன்று பதிவுகள், மூன்று கடவுச்சொற்கள். போதாக்குறைக்கு, அந்தக் கடவுச்சொல்லை மாதந்தோறும் முதல் தேதியில் யாரும் படிக்கும்படி மின்னஞ்சலில் அனுப்பி 'நினைவூட்டும்' வழக்கமும் அதற்கு இருந்தது! 2015இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மாற்றியது. ஆளுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் கீழ் அவருடைய பல முகவரிகள். அலுவலக முகவரி போனாலும் ஆள் போவதில்லை. இன்னும் பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் மாறிவிடுவது நல்லது.

உறுப்பினர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவதையும் கவனியுங்கள். மடல் திரும்பி வரும்போதெல்லாம் மென்பொருள் அந்த முகவரிக்குப் புள்ளி போடும், ஒரு நாளைக்கு ஒன்று. பழைய பதிப்பின் இயல்பு அமைப்பில், ஐந்து புள்ளி சேர்ந்தால் மடல் நிறுத்தப்படும். பிறகு வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை, அதன் பிறகு நீக்கம். எச்சரிக்கை போவதும் அதே செத்த முகவரிக்குத்தான் என்பது வேடிக்கை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கியபோது, யாஹூ முகவரி வைத்திருந்த ஒருவர் பட்டியலுக்கு எழுதிய மடலை ஜிமெயில் போன்றவை ஏற்க மறுத்தன. எழுதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற வேண்டியவர்களுக்குத்தான் புள்ளி விழுந்தது. ஆண்டுக் கூட்ட அறிவிப்பு கிடைக்கவில்லை என்று ஓர் உறுப்பினர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பட்டியல் வெளியே போவது. பழைய மெயில்மேனின் இயல்பு அமைப்பில் உறுப்பினர் யாரும் மற்ற உறுப்பினர்களின் முகவரிகளைப் பார்க்கலாம். அதாவது, யார் வேண்டுமானாலும் உறுப்பினராகச் சேரலாம், சேர்ந்தவுடன் எல்லோரையும் பார்க்கலாம். நம்மிடையே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அரசாங்க ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் 1993ஆம் ஆண்டு விதிமுறைகளை நினைத்து அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுகிறார்கள். உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் தங்கள் பெயர் இருப்பது மேலதிகாரிக்குத் தெரிய வேண்டுமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நம் கவனக்குறைவு அல்ல. நிர்வாகி மட்டுமே பார்க்கும்படி அமைப்பை மாற்ற இரண்டு நிமிடம் ஆகுமா?

"இப்போது வாட்ஸ்அப் இருக்கிறதே" என்பீர்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர் அனைவருக்கும் அனைவரின் கைப்பேசி எண்ணும் தெரியும். அது இதைவிட மோசம்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. வணிகம் செய்யாத ஒரு சங்கம் உங்கள் முகவரியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடுவது கடினம். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அரசாங்க அமைப்புகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அது சங்கங்களையும் கட்டுப்படுத்துகிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நமக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த அளவுகோலை நாமாக ஏற்றுக்கொள்வதில் என்ன தடை? அரசாங்கத்திடம் தனியுரிமை கேட்கும் நாம் நம் சொந்த உறுப்பினருக்கு அதைக் கொடுக்காவிட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். பட்டியலுக்கு இரண்டு நிர்வாகிகள் வேண்டும், இருவரும் செயலவை நியமித்தவர்களாக இருக்க வேண்டும். பொறுப்பு மாறும் அன்றே கடவுச்சொல்லும் மாற வேண்டும். அது கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். நிகழ்ச்சிக்கு வந்தவர் கையெழுத்திட்ட தாளிலிருந்து முகவரிகளை அள்ளிப் போடும் பழக்கத்தை விடுங்கள். உறுதிப்படுத்தும் மடலுக்கு அவரே பதில் தந்த பிறகு சேருங்கள்.

விலகியவர்களின் முகவரிகளையும் தனியாகக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த செயலாளர் பழைய எக்செல் கோப்பைக் கண்டுபிடித்து, போனவர்களை எல்லாம் மறுபடியும் சேர்த்துவிடுவார்.