தேடுபொறிச் செய்திகள்: எதைப் படிப்பது, எதை விடுவது?

சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்து நடத்துபவர்களுக்கு இன்று இரண்டு வேலைகள். ஒன்று, தளத்தை நடத்துவது. மற்றொன்று, தேடுபொறிகள் இன்று என்ன செய்தன என்று செய்தி படிப்பது. பல பேருக்கு இரண்டாவது வேலை முதல் வேலையை விழுங்கி விடுகிறது என்பதுதான் வேடிக்கை!

கூகிள் தனது தேடலில் 2022-ம் ஆண்டில் மட்டும் 4,725 மாற்றங்களைச் செய்ததாகத் தெரிவித்திருக்கிறது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். இத்தனையையும் ஒருவர் தொடர்ந்து படிக்க முடியுமா? முடியாது. தேவையும் இல்லை. ஆனால் ஒன்றுமே படிக்காமல் இருப்பவருக்கும் நஷ்டம்தான். எவ்வளவு படிக்கிறோம் என்பதை விட எதைப் படிக்கிறோம் என்பதே முக்கியம்.

படிக்காதவர் இழப்பது

2015 பிப்ரவரியில் கூகிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏப்ரல் 21 முதல், கைப்பேசியில் தேடுபவர்களுக்குக் கைப்பேசித் திரைக்கு ஏற்ற பக்கங்களே முன்னால் காட்டப்படும் என்றது. கிட்டத்தட்ட எட்டு வாரம் அவகாசம். படித்தவர்கள் அதற்குள் தளத்தின் வடிவமைப்பை மாற்றிக் கொண்டார்கள். படிக்காதவர்கள் வருகை குறைந்த பிறகு காரணம் தேடினார்கள்.

செய்தி என்றால் கெட்ட செய்தி மட்டுமல்ல. 2018 பிப்ரவரியில் கூகிளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ் மொழியையும் சேர்த்துக் கொண்டது. தமிழில் எழுதிக் கொண்டிருந்த தளங்களுக்கு அது வருமானத்துக்கான ஒரு வாசல். அன்று அந்த ஒரு வரியைப் படித்தவர் உடனே விண்ணப்பித்திருக்க முடியும்.

ஆனால் எல்லா மாற்றமும் சொல்லிவிட்டு வருவதில்லை. 2003 நவம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சற்று முன்னால், கூகிள் தேடல் வரிசை பெரிதாகக் கலைந்தது. 'ஃபுளோரிடா' என்று பெயர் பெற்ற அந்த மாற்றத்தில் பல சிறு வியாபாரிகளின் தளங்கள் முதல் பக்கத்திலிருந்து காணாமல் போயின. பண்டிகையை நம்பிச் சரக்கு வாங்கி வைத்தவர் என்ன செய்வார்? தீபாவளிக்கு முந்தின வாரம் கடை வாசலில் தெருவைத் தோண்டிப் போட்ட மாதிரிதான்.

எல்லாவற்றையும் படிப்பவர் இழப்பது

இது அடுத்த பக்கம். தினமும் படித்து, படித்ததையெல்லாம் உடனே செய்பவர்களும் குறைவாக இழக்கவில்லை.

ஒரு காலத்தில் கூகிள் கருவிப்பட்டையில் 'பேஜ்ரேங்க்' என்ற பச்சைக் கோடு தெரியும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அது காட்டும். அந்த எண்ணை உயர்த்த ஆலோசனைகள் குவிந்தன. எண்ணைப் பார்த்து விலை வைத்துத் தொடுப்புகள் விற்கப்பட்டன. 2016-ல் அந்த எண்ணைக் காட்டுவதையே கூகிள் நிறுத்தி விட்டது.

தேடல் முடிவில் எழுதியவரின் படம் வர வேண்டும் என்று 2011-க்குப் பிறகு பலர் தங்கள் பக்கங்களில் தனிக் குறியீடுகளைச் சேர்த்தார்கள். 2014 ஆகஸ்டில் அந்த வசதியும் கைவிடப்பட்டது. செலவழித்த நேரம் போனது போனதுதான்.

இவற்றில் நேரம் மட்டுமே வீண். தொடுப்பு விஷயத்தில் தளமே போனது. எங்கெங்கோ தொடுப்புகளை வாங்கிக் குவித்தால் வரிசையில் மேலே வரலாம் என்பது பல வருடம் பலித்த யோசனை. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' மாற்றம் வந்தபோது அந்தத் தொடுப்புகளே குற்றமாகி விட்டன. நேற்று வரை பலித்த யோசனை நாளைக்கும் பலிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சொல்பவர் யார்?

எந்தச் செய்தியையும் நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இதைச் சொல்வதால் இவருக்கு என்ன கிடைக்கிறது என்பது. மென்பொருள் விற்பவர்களும் ஆலோசனை விற்பவர்களும் எழுதும் செய்தியில் பயம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பயந்தவர்தானே மருந்து வாங்குவார்?

கூகிள் சொல்வதை மட்டும் நம்பினால் போதுமா? அதுவும் முழுப் படம் அல்ல. 2024 மே மாதம் கூகிள் தேடல் தொடர்பான உள் ஆவணங்கள் வெளியே கசிந்தன. அவற்றில் 14,000-க்கும் மேற்பட்ட அம்சங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. பயனர்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பது பற்றிய விவரங்களும் அதில் இருந்தன. அது வரிசைக்கு அவ்வளவு முக்கியமில்லை என்கிற மாதிரியே கூகிள் ஊழியர்கள் பல வருடம் பேசி வந்தார்கள். ஆவணங்கள் உண்மையானவை என்று ஒப்புக் கொண்ட கூகிள், அவற்றை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டது. நிறுவனம் பொய்யே சொல்கிறது என்பதல்ல இதன் பொருள். தன் தொழில் ரகசியத்தை எந்த வியாபாரியும் முழுதாகச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

எப்படிப் படிப்பது?

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். படிப்பதை மூன்றாகப் பிரித்துக் கொண்டால் எளிது.

முதலாவது, விதிகள். எதைச் செய்யக் கூடாது என்று தேடுபொறி நிறுவனமே எழுதி வெளியிடுவது. இதை அடுத்தவர் சொல்லிக் கேட்காமல் மூலத்திலேயே படிக்க வேண்டும்.

இரண்டாவது, நடந்த மாற்றங்கள். பெரிய மாற்றம் எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று கூகிள் தனிப் பக்கத்திலேயே அறிவிக்கிறது. அது முழுதாகப் பரவி முடியவே பல நாட்கள் ஆகும். முடிந்து ஒரு வாரமாவது பொறுத்த பிறகே கணக்குப் பாருங்கள் என்பது கூகிளே சொல்லும் யோசனை. முதல் நாளே பதறிப் பக்கங்களை அழிப்பது முட்டாள்தனம்.

மூன்றாவது, ஊகங்கள். அளவில் இதுவே மிக அதிகம். தலைப்பைப் பார்த்து விட்டுத் தாண்டிப் போகலாம்.

இதோடு இன்னொன்றும் வேண்டும். வணிகவியலில் முதல் பாடமே நடந்ததைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவதுதான். தளத்தில் இன்று என்ன மாற்றினோம், வெளியே என்ன மாற்றம் வந்தது, வருகை எவ்வளவு என்று எழுதி வைப்பவருக்கு, வருகை குறையும்போது காரணம் தன்னுடையதா, வெளியே உள்ளதா என்று ஓரளவு தெரிந்து விடும். எழுதாதவர் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். நூறு பேருடைய கருத்தை விடத் தன் தளத்தின் ஆறு மாதக் கணக்கு மேலானது.

ஒரே வாடிக்கையாளரை நம்பலாமா?

இவ்வளவு கவனமாகப் படித்தாலும் ஃபுளோரிடா மாதிரி ஒன்று வந்தால் செய்தி காப்பாற்றாது. அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா நிறுவனம் தேடலில் வருபவர்களை நம்பிக் கட்டுரைகளைக் குவித்து வளர்ந்தது. 2011 ஜனவரியில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. அடுத்த மாதமே கூகிளின் 'பாண்டா' மாற்றம் தொடங்கியது. அதன் இஹவ் தளத்துக்குச் சில மாதங்களிலேயே அடி விழுந்தது. ஆட்களும் பணமும் உள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை.

மொத்த விற்பனையும் ஒரே வாடிக்கையாளரிடம் என்றால் எந்த வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும். மொத்த வருகையும் ஒரே தேடுபொறியிலிருந்து என்பதும் அதே கதைதான். 2024-ல் கூகிள் அமெரிக்காவிலும் பிறகு இந்தியாவிலும், செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைத் தேடல் முடிவுகளுக்கு மேலேயே காட்டத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்து விட்டால் தளத்துக்கு யார் வருவார்? இதற்குப் பதில் இன்னும் அதிகச் செய்தி படிப்பதில் இல்லை. தளத்தின் பெயரை நினைவில் வைத்து நேராக வருபவர்களையும், மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சென்ற வாடிக்கையாளர்களையும் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே செய்தி படியுங்கள், ஆனால் ஒரு வியாபாரி சந்தை நிலவரம் பார்ப்பதைப் போலப் படியுங்கள். காலையில் ஒருமுறை விலையைப் பார்த்து விட்டு அவர் கடையைத் திறந்து விடுவார். நாள் முழுக்க விலையையே பார்த்துக் கொண்டிருந்தால் கல்லாவில் யார் உட்காருவது?